மடக்குக் கத்தி: அலகைப் பார்ப்பதா, முத்திரையைப் பார்ப்பதா?

திருப்பாச்சேத்தி அரிவாள் வாங்கப் போகிறவர் சும்மா பார்த்துவிட்டு வாங்குவதில்லை. தூக்கிக் கனம் பார்ப்பார், முதுகில் சுண்டி ஓசை கேட்பார், வாயில் கட்டைவிரலைக் குறுக்காக வைத்துத் தடவுவார். அதே ஆள் மடக்குக் கத்தி என்று வந்துவிட்டால் சிவப்புப் பிடியையும் அதிலுள்ள வெள்ளைச் சிலுவையையும் கண்டதுமே காசை எடுத்து நீட்டிவிடுகிறார். நாலு நாளில் அலகு பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். அல்லது கத்தி நன்றாகவே இருக்கும், கையிலிருக்கும் வேலைக்குத்தான் ஒத்துவராது.

புதுக் கத்தி வாங்குகிறவர் முதலில் அலகின் வடிவத்தைப் பார்க்க வேண்டும், அடுத்து மடங்கும் மூட்டை, பிறகு இரும்பை. பெயர் கடைசியில்தான். டிரங்குப் பெட்டியில் கிடந்த தாத்தா காலத்துக் கத்தி கையில் வந்தால் இந்த வரிசை தலைகீழ். அங்கே முதல் வேலை முத்திரையைப் படிப்பது. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் வேலைக்கு வாங்கிய கத்தி மேசை டிராயரிலும், பத்திரப்படுத்த வேண்டிய கத்தி சாணைக் கல்லிலும் போய்ச் சேர்கின்றன.

நேர் வாய், வளைந்த வாய், கிளிமூக்கு

கூர் ஓடும் பக்கம் வாய், எதிர்ப்பக்கம் முதுகு. அலகு வடிவங்களுக்குக் கம்பெனிக்காரர்கள் இருபது பெயர் வைத்திருக்கட்டும். வாங்குகிறவர் பார்க்க வேண்டியது வாய் எப்படி ஓடுகிறது என்பதைத்தான். நேராக ஓடலாம், முனையை நெருங்கும்போது மேலே ஏறலாம், உள்பக்கமாகக் குழியலாம்.

நேர் வாய்க்கு நல்ல எடுத்துக்காட்டு ஷீப்ஸ்ஃபுட். வாய் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் இருக்கும். முதுகு கடைசியில் சட்டென்று வளைந்து இறங்கி வாயைத் தொடும். பக்கவாட்டில் பார்த்தால் ஆட்டுக் குளம்பு. குத்துகிற முனையே கிடையாது. மாலுமிகள் இந்த வடிவத்தை வைத்திருந்ததற்குக் காரணம் அதுதான்: ஆடுகிற தளத்தில் கயிறு அறுக்கும்போது கை தவறினாலும் பக்கத்தில் நிற்பவரைக் குத்தாது.

மதுரையில் கடல் இல்லை, சுங்குடிச் சேலைக் கடை உண்டு. பார்சலைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் பட்டைக்கு அடியில் கூர்முனைக் கத்தியை நுழைத்து இழுக்கும்போது, முனை மேலே கிடக்கும் சேலையில் ஒரு நூலளவு இறங்கிவிடும். அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரியாது. சேலை மடிப்பு மடிப்பாக இருப்பதால் ஒரு குத்து நாலைந்து அடுக்கைத் துளைத்திருக்கும். விரித்துக் காட்டும்போதுதான் ஒரே கோட்டில் வரிசையாக ஓட்டை தெரியும். குளம்பு அலகில் அந்த ஆபத்து மிகக் குறைவு. மழுங்கிய மூக்கு துணிமேல் வழுக்கிக்கொண்டு போகும், பட்டை மட்டும் அறுபடும்.

தோட்டத்திலும் இதே வடிவம் ஜெயிக்கிற வேலை ஒன்று இருக்கிறது. சொட்டுநீர்ப் பாசனத்துக்குப் போடுகிற 16 மி.மீ. குழாயை வெட்டிப் பாருங்கள். வயிறு வளைந்த அலகில் குழாய் முனைப்பக்கமாக நழுவும், வெட்டு சாய்வாக விழும். சாய்ந்த வாயுள்ள குழாயைக் கனெக்டரில் ஏற்றினால் ஒரு பக்கம் முழுதாக உட்காரும், மறுபக்கம் முள்ளைத் தாண்டாது. மோட்டார் போட்டதும் அந்த இடத்தில் கசியும். நேர் வாயில் அலகின் அடிப்பகுதியைக் குழாய்மேல் பதித்து ஒரே இழுப்பாக இழுத்தால் வெட்டு சதுரமாக நிற்கும். ரம்பம்போல முன்னும் பின்னும் அறுக்கக்கூடாது. அறுத்தால் பிசிறு உள்ளே போய்ச் சொட்டுவாயை அடைக்கும். ஆட்டுக் குளம்பு வளர்ந்து மடங்கினால் சீவுவதற்கும் இதுவே தோது.

இதன் குறை என்னவென்றால் தட்டில் வைத்துக் கறி நறுக்கவும், தோல் உரிக்கவும், எதிலாவது துளை போட்டு ஆரம்பிக்கவும் லாயக்கில்லை.

வார்ன்கிளிஃப் இதன் தம்பி. வாய் அதே நேர்தான். முதுகு மட்டும் பிடிக்குப் பக்கத்திலிருந்தே மெல்லச் சரிந்து வந்து ஊசிபோன்ற முனையில் முடியும். வார்ன்கிளிஃப் பிரபுவின் பெயரால் இங்கிலாந்தின் கத்தி ஊரான ஷெஃபீல்டில் ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனி செய்து கொடுத்த வடிவம் இது. காலில் ஏறிய சீமைக்கருவேல முள்ளைக் கீறி எடுக்கவும், மரத்தில் கோடு கீறவும் இதை விஞ்ச ஒன்றுமில்லை. பெயிண்ட் டப்பா மூடியை நெம்பினால் போதும், முனையில் இரண்டு மில்லிமீட்டர் போய்விடும். லேம்ப்ஸ்ஃபுட் என்பது இரண்டுக்கும் நடுவில்: நேர் வாய், லேசாகச் சாய்ந்த நேர் முதுகு, முனை கொஞ்சம் மழுங்கல். ஷெஃபீல்டுக் கத்திகளில் அதிகம் கண்ணில்படும்.

கிளிப் முனை என்பது முதுகின் முன்பாதியைக் கடித்து எடுத்ததுபோல் குழிந்து, முனை தூக்கி நிற்பது. பார்வைக்கு வீரமாக இருக்கும், அதனால்தான் நம் பக்கம் அதிகம் விலைபோகிறது. மீன் வயிறு கீறவும் தோலுரிக்கவும் அருமையான வடிவம். பார்சல் பிரிக்கவும் பழம் நறுக்கவும் கத்தி வாங்குகிறவர் அந்த மெல்லிய முனையை எதற்காகச் சுமக்க வேண்டும்? முதலில் உடைவதும் அதுதான்.

என்ன வேலை வரும் என்று சொல்லத் தெரியாதவர் ஈட்டி முனையை வாங்கலாம். முதுகும் வாயும் ஒரே அளவு வளைந்து நடுவில் சந்திக்கும், முனைக்குப் பின்னால் இரும்பு தடிமனாக இருக்கும். சுவிஸ் கத்தியின் பெரிய அலகு இந்த வடிவம்தான். எதிலும் முதலிடம் வராது, எதிலும் கைவிடாது. இதன் குட்டிதான் பேனா அலகு. இறகுப் பேனா முனையைச் சீவிக்கொள்ள வைத்திருந்த சின்ன அலகு. நாம் இன்றைக்கும் பேனாக்கத்தி என்று சொல்வது அங்கிருந்து வந்ததுதான்.

மூன்று அலகுள்ள ஸ்டாக்மேன் கத்தியில் ஒரு அலகு ஸ்பே என்று இருக்கும். பலர் அதைக் குளம்பு அலகு என்று எண்ணிக்கொள்கிறார்கள். குளம்பு அலகில் முதுகு கீழே இறங்கும். ஸ்பேயில் முதுகு நேராகப் போய்க் கடைசியில் ஒரு சின்னச் சரிவு, வாய்தான் உருண்டு மேலே ஏறும். கால்நடைகளுக்கு விதை நீக்கக் கண்டுபிடித்தது. அந்த வேலையைக் கால்நடை மருத்துவர் இடுக்கியால் நசுக்கி முடித்துவிடுகிற காலத்தில் அந்த அலகுக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

கிளிமூக்கு அலகு தனி ஜாதி. வாய் உள்பக்கமாகக் குழிந்திருப்பதால் தண்டு நழுவாமல் குழிக்குள் மாட்டிக்கொள்ளும், தன்பக்கம் இழுத்தால் வெட்டும். மல்லிகைத் தோட்டக்காரர்கள் இதைக் கேட்டு வாங்குவதுண்டு. நவம்பர் கடைசியில் தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. விட்டுச் செய்கிற பெரிய கவாத்துக்கு இது போதாது. பென்சிலைவிடத் தடித்த தண்டுக்குக் கவாத்துக் கத்தரிதான் சரி. அடியில் முளைக்கிற பச்சைத் தளிர், காய்ந்த நுனி, கொடிக்காலில் கட்டு அறுப்பது, இதற்கெல்லாம் கிளிமூக்கு. வாங்குமுன் கூர் போடும் வழியை யோசித்துக்கொள்ளுங்கள். தட்டைக் கல் அந்தக் குழிவுக்குள் போகாது. கட்டைவிரல் தடிமனுள்ள உருண்டைக் குச்சியில் கறுப்பு உப்புத்தாளைச் சுற்றி, அதன்மேல் அலகை முதுகு முன்னே போகும்படி இழுக்க வேண்டும். வாயை முன்னே விட்டுத் தள்ளினால் தாள் கிழியும். தெருவில் வருகிற சாணைக்காரரிடம் கொடுத்தால் சக்கரம் நடுக்குழியைத் தின்றுவிடும், இரண்டே சாணையில் மூக்கு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும்.

நத்தம், அழகர்கோயில் பக்கம் மாங்கன்று ஒட்டுக் கட்டுகிறவர்களுக்கு இவை எதுவும் ஆகாது. ஒட்டுக்கத்தியின் வாய் நேர், அதோடு ஒரு பக்கம் மட்டும் சரிவு. மறுபக்கம் கண்ணாடிபோல் தட்டை. ஒட்டுக்குச்சியின் அடியை இரு பக்கமும் 3 முதல் 4 செ.மீ. நீளத்துக்கு ஆப்புபோலச் சீவும்போது, தட்டைப் பக்கம் குச்சியோடு ஒட்டி ஓடினால்தான் வெட்டு சமமாக வரும். இருபக்கச் சரிவுள்ள சாதாரணக் கத்தி குச்சிக்குள் தோண்டித் தோண்டி வெளியே வரும், வெட்டு படகுபோல் குழியும். குழிந்த வெட்டை வேர்ச்செடியின் பிளவில் செருகினால் நடுவில் காற்று நிற்கும். வெளியே பாலித்தீன் நாடா எவ்வளவு இறுக்கினாலும் உள்ளே காய்ந்துபோகும். கடையில் சோதிக்க ஒரு ஸ்டீல் ஸ்கேல் போதும்: தட்டைப் பக்கத்தில் குறுக்காக வைத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பாருங்கள், இடையில் வெளிச்சம் தெரிந்தால் வேண்டாம். இடதுகைக்காரருக்குச் சரிவு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும்; கேட்காமல் வாங்கினால் வலதுகைக் கத்திதான் கிடைக்கும். அந்தக் கத்தியால் நாடா வெட்டுவது, சணல் அறுப்பது எல்லாம் கூடவே கூடாது. ஒவ்வொரு மரத்துக்கும் நடுவில் அலகை ஸ்பிரிட்டில் துடைப்பது நோய் தாவாமல் காக்கும்.

மூட்டு: ஸ்பிரிங், வளையம், வெறும் உராய்வு

அரிவாளுக்குச் சுண்டிக் கேட்கிற ஓசை போல மடக்குக் கத்திக்கும் ஒரு ஓசை உண்டு. ஸ்பிரிங் கத்தியை, அதாவது பிடியின் முதுகிலுள்ள ஸ்பிரிங் அலகை அழுத்திப் பிடிக்கும் வகையை, விரிக்கும்போது கடைசியில் 'டக்' என்று விழ வேண்டும், மடக்கும்போதும் அப்படியே. 'சொத்' என்று ஒலித்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது மூட்டில் அழுக்கு. கடையில் நின்றபடியே பார்க்க வேண்டிய சோதனைகள் இவை. அலகைப் பாதி விரித்து, நுனியை இரு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். ஆட்டம் கையில் தெரிந்தால் ஆணி சரியாக அறையப்படவில்லை. பிடியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஸ்பிரிங்குக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையே கீற்று தெரிகிறதா பாருங்கள். அந்த வழியாகத்தான் வியர்வையும் மண்ணும் உள்ளே போகும். முதுகில் விரலை ஓட்டினால், விரித்த நிலையிலும் மடக்கிய நிலையிலும் ஸ்பிரிங் மேடு பள்ளமில்லாமல் பிடியோடு சமமாக இருக்க வேண்டும். கடைசியாக, மடங்கிய அலகை மேலிருந்து மெல்ல அழுத்துங்கள். உள்ளே வாய் ஸ்பிரிங்கில் மோதுகிற உணர்வு வந்தால், ஒவ்வொரு தடவை மடக்கும்போதும் அந்த ஒரு புள்ளியில் கூர் மழுங்கிக்கொண்டே இருக்கும். வீட்டில் எவ்வளவு தீட்டினாலும் அதே இடத்தில் மழுங்கும், ஏன் என்று கடைசிவரை புரியாது.

ஸ்பிரிங் கத்தியில் பூட்டு கிடையாது என்பதை நினைவில் வைக்க வேண்டும். முனையால் குத்தித் திருகினால் அலகு விரல்மேல் மடங்கும். பூட்டு வேண்டுமென்றால் மலிவான, நம்பகமான வழி ஓப்பினெல் வளையம். பிரான்சின் சவாய் பகுதியில் 1890-இல் ஜோசப் ஓப்பினெல் தொடங்கிய கத்தி அது. பிடியின் கழுத்தில் சுழலும் இரும்பு வளையம் 1955-இல் வந்தது. ஸ்பிரிங்கே இல்லை, மரத்தில் ஒரு வெட்டு, அதில் ஆணி, மேலே வளையம். மரம் என்பதால்தான் ஐப்பசி அடைமழையில் அதன் குணம் தெரியும்: பீச் மரப் பிடி ஈரம் குடித்து ஊதி அலகைக் கவ்விக்கொள்ளும். நகத்தால் இழுத்து நகம் பெயர்த்துக்கொள்ள வேண்டாம். வளையத்தைத் திறந்து வைத்து, பிடியின் பின்நுனியை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு தானே அரை செ.மீ. வெளியே வரும். வெயிலில் உலர்ந்த பிறகு ஆளிவிதை எண்ணெயை மெல்லப் பூசி, ஊறவிட்டுத் துடைத்து வைத்தால் அடுத்த மழைக்கு அவ்வளவு ஊதாது.

ஜப்பானின் ஹிகோநோகாமி இன்னும் எளிமை: மடித்த தகட்டுப் பிடி, ஓர் ஆணி, அலகின் பின்னால் ஒரு வால். விரித்தபின் கட்டைவிரல் அந்த வாலை அழுத்திக்கொண்டிருப்பதுதான் பூட்டு. மர வேலைக்கும் பென்சில் சீவவும் சொர்க்கம். கையில் எண்ணெய்ப் பிசுக்கோடு வேலை பார்ப்பவருக்கு வேண்டாம்.

அலகு எத்தனை என்பதில் ஆசைப்பட வேண்டாம். ஒரு பெரியது, ஒரு சின்னது. அதற்குமேல் போனால் பிடி தடிக்கும், அலகுகள் ஒன்றோடொன்று உரசும், சட்டைப்பை நூல்பஞ்சு எல்லா இடுக்கிலும் சேரும்.

கருக்குமா, கருக்காதா

மாங்காயை வெட்டிவிட்டுத் துடைக்காமல் வைத்த கார்பன் இரும்பு அலகு ஐந்து நிமிடத்தில் நீலம் பாய்ந்து கருக்கும். நறுக்கிய துண்டின் ஓரமும் கறுத்து இரும்பு வாடை வீசும். புளி, எலுமிச்சை, வாழைப்பூ எல்லாவற்றுக்கும் இதே கதை. அந்தக் கருமை துரு அல்ல, கழுவித் துடைத்து வந்தால் நாளடைவில் அதுவே சாம்பல் நிறப் போர்வையாகிச் செந்துருவைக் கொஞ்சம் தடுக்கும். செம்பழுப்பாகப் பொடி உதிர்ந்தால்தான் துரு.

கார்பனின் லாபம், சாதாரண வீட்டுக் கல்லில் பத்துத் தேய்ப்பில் கூர் ஏறும் என்பது. நார், கயிறு, மரம் என்று உலர்ந்த வேலையே பார்ப்பவர் கார்பன் வாங்கட்டும். சமையலறைக்கும் பழக்கடைக்கும் துருப்பிடிக்காததே மேல். ஓப்பினெலில் இரண்டும் கிடைக்கும், அலகில் இனாக்ஸ் என்று பொறித்திருந்தால் துருப்பிடிக்காதது. சிவப்புப் பிடி சுவிஸ் கத்தி செய்யும் விக்டோரினாக்ஸ் கம்பெனி, இரும்பின் கடினத்தை அளக்கும் ராக்வெல் கணக்கில் தன் அலகுகளை 56-இல் நிறுத்துகிறது. அதே கத்தியின் ஸ்பிரிங் 49தான். ஸ்பிரிங்கையும் அலகு அளவுக்குக் கடினமாக்கினால் வளையாமல் முறிந்துவிடும். 'எல்லாமே ஒரே ஸ்டீல்' என்று பெருமையாகச் சொல்கிற விற்பனையாளருக்கு இந்த விஷயம் தெரியாது.

எந்த இரும்பானாலும் உலர்ந்த சாணைச் சக்கரம் எதிரி. தீப்பொறி பறக்கப் பிடித்து, வாயோரம் நீலம் பாய்ந்துவிட்டால் அங்கே பதம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த நீலப்பகுதி முழுவதும் தேய்ந்து போகிறவரை கூர் நிற்காது. தண்ணீர் விட்ட கல்லில், ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி சாய்வில் கையால் தீட்டுவது நேரம் பிடிக்கும், கத்தி மிஞ்சும். மூட்டுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, இருபது தடவை விரித்து மடக்கி, வழிகிற கறுப்பைத் துடைத்தால் போதும். தேங்காய் எண்ணெய் நாளாகப் பிசினாகும்.

முத்திரையைப் படிப்பது

பழைய கத்தியில் பெயர் இருக்கும் இடம் அலகின் அடிப்பாகம், கூர் தொடங்குவதற்கு முன்னால் தட்டையாக இருக்கும் சதுரம். முதல் விதி, உப்புத்தாள் போடாதீர்கள். எழுத்தின் ஆழம் ஒரு மயிரிழைதான். 'பளபளன்னு ஆக்கிட்டேன்' என்று கொண்டுவந்து காட்டுகிற கத்திகளில் பாதிக்குமேல் அடையாளம் அழிந்தவை. எண்ணெய் தடவி ஒரு நாள் ஊறவிட்டு, மூங்கில் பல்குச்சியால் சுரண்டுங்கள். பிறகு கொஞ்சம் திருநீறு தேய்த்து மேற்பரப்பை மட்டும் துணியால் துடைத்தால், பள்ளத்தில் நின்ற வெள்ளை எழுத்தாகத் தெரியும். டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்கவைத்துப் பிடித்து போனில் படமெடுத்துப் பெரிதாக்கினால் இன்னும் நல்லது. படித்து முடித்ததும் திருநீற்றைத் துடைத்து எண்ணெய் போடவும், ஈரம் இழுக்கும்.

நம் பக்கத்துப் பழைய பெட்டிகளில் ஷெஃபீல்டுக் கத்தி வருவதற்கு வாய்ப்பு உண்டு. ராட்ஜர்ஸ் என்றால் ஒரு நட்சத்திரமும் பக்கத்தில் மால்டீஸ் சிலுவையும் இருக்கும். இதைப் போலி செய்தவர்கள் அந்தக் காலத்திலேயே ஏராளம், எழுத்தை எண்ணுவதுதான் எளிய சோதனை: அசல் பெயரின் ஆங்கில எழுத்துகளில் நடுவே 'டி' உண்டு. அதை விட்டுவிட்டு ரோஜர்ஸ் என்று வந்தால் வேறு யாரோ. ஐ என்ற எழுத்து, நட்சத்திரம், எக்ஸ், எல் என்றிருந்தால் ஜார்ஜ் வாஸ்டன்ஹோம். சேர்த்துப் படித்தால் 'ஐ எக்ஸெல்', அதாவது 'நானே மேல்' என்று பொருள் வரும்.

கிரீடத்தின் இருபுறமும் வி, ஆர் எழுத்துகள் விக்டோரியா ராணியைக் குறிக்கும், அவர் காலம் 1901-இல் முடிந்தது. அதே கத்தியில் ஸ்டெயின்லெஸ் என்றும் பொறித்திருந்தால் கேள்வி கேட்க வேண்டும். ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத இரும்பை உருக்கியதே 1913-இல்தான். நாட்டின் பெயரை வைத்துக் காலம் சொல்வதில் மட்டும் அவசரம் வேண்டாம். அமெரிக்காவுக்குப் போகும் சரக்கில் நாட்டின் பெயர் பொறிக்க வேண்டும் என்ற விதி 1891-இல் அமலுக்கு வந்தது. அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் அதை வைத்துக் கணக்குப் போடுவார்கள். இந்தியாவுக்கு அனுப்பிய கத்திக்கு அந்த விதி பொருந்தாது, ஆகவே 'இங்கிலாந்து' இல்லை என்பதாலேயே 1891-க்கு முந்தியது என்று விலை ஏற்றுகிறவரை நம்பக்கூடாது. மேற்கு ஜெர்மனி என்று பொறித்திருந்தால் 1949-க்கும் 1990-க்கும் இடைப்பட்டது, இதில் சிக்கலில்லை.

'சோலிங்கன் ஸ்டீல்' என்று கடையில் அடித்துச் சொல்வார்கள். சோலிங்கன் ஜெர்மனியில் ஓர் ஊர், இரும்பின் வகை இல்லை. அந்தப் பெயருக்கு 1938 முதல் அங்கே சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. அசலில் ஊர்ப் பெயருடன் செய்தவரின் பெயரோ சின்னமோ சேர்ந்திருக்கும். ஊர் மட்டும் தனியாக, அதுவும் அலகின் நடுவில் பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தால் கையை எடுத்துவிடலாம். லகியோல் அதற்கு நேர்மாறான பாடம்: அது பிரெஞ்சுக் கத்தியின் ஒரு பாணி, கம்பெனி அல்ல. ஸ்பிரிங் தலையில் உட்கார்ந்திருக்கும் தேனீயை எந்த நாட்டுப் பட்டறையும் போடலாம், போடுகிறது.

சிவப்புப் பிடிக்கு வருவோம். விக்டோரினாக்ஸ் சிலுவை ஒரு கேடயத்துக்குள் இருக்கும். வெங்கர் என்ற இன்னொரு சுவிஸ் கம்பெனியின் கத்தியில் அது முனை உருண்ட சதுரத்துக்குள் இருந்தது. அந்தக் கம்பெனியை 2005-இல் விக்டோரினாக்ஸ் வாங்கிவிட்டது. வெறும் சிலுவை மட்டும் மிதந்தால் இரண்டுமில்லை. பிடியைப் பார்த்து முடிவுகட்டாமல் பெரிய அலகை விரித்து அடிப்பாகத்தைப் படியுங்கள், கம்பெனிப் பெயரும் சுவிஸ் என்பதும் அங்கே இருக்க வேண்டும். கார்ல் எல்ஸனர் 1884-இல் சுவிட்சர்லாந்தின் இபாக்கில் தொடங்கிய பட்டறை 1909-இல் அவர் தாயார் நினைவாக விக்டோரியா ஆனது, 1921-இல் துருப்பிடிக்காத இரும்பைக் குறிக்கும் இனாக்ஸ் சேர்ந்து இன்றைய பெயர் வந்தது. வெறும் விக்டோரியா என்றோ எல்ஸனர் என்றோ படித்தால் போலி என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதுதான் பழசு.

ஓப்பினெலில் முடிசூடிய கை பொறித்திருக்கும். பிடியில் எண், 8 என்றால் அலகு 8.5 செ.மீ. எட்டாம் எண்ணில் வளையமே இல்லையென்றால் ஒன்று 1955-க்கு முந்தியது, அல்லது யாரோ கழற்றியது. கழற்றியதில் கழுத்து உலோகத்தைச் சுற்றி வளையம் உரசிய தேய்மானம் தெரியும். ஆறுக்குக் கீழுள்ள எண்களில் வளையம் கிடையாது.

பெயரே இல்லாத கத்தி மட்டம் என்றில்லை. மூட்டுச் சோதனையில் தேறிய பெயரற்ற நாட்டுக் கத்தியை, அலகு ஆடும் பேர்பெற்ற கத்திக்கு மேலாக வாங்கலாம், வேலைக்குத்தானே. அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டினால் ஆயுத விதிகளுக்குள் வந்துவிடும். வீட்டு, விவசாய வேலைக்கென்று செய்தவைக்கு விலக்கு உண்டு. சட்டைப்பைக் கத்தி அந்த அளவுக்கு வராது. ஆனால் மீனாட்சியம்மன் கோயில் வாசல் சோதனையிலும் விமானக் கைப்பையிலும் எந்த அளவும் செல்லாது.

பழைய கத்தியை விற்கவோ வாங்கவோ நினைப்பவர் முத்திரைக்கு முன்பே பிடியைப் பார்க்க வேண்டும். யானைத்தந்தமோ கடமான் கொம்போ என்றால் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த வியாபாரம் குற்றம், எவ்வளவு பழசானாலும். மாட்டெலும்புப் பிடியில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஊசி குத்தியதுபோல் கறுப்புப் புள்ளிகள் சிதறித் தெரியும், அது எலும்பின் ரத்தக்குழாய்த் துளை. முத்துச்சிப்பி போலவோ ஆமையோடு போலவோ பளபளக்கிற பிடியைத் துணியால் சூடேறத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கற்பூரம் மணந்தால் அது செல்லுலாய்டு, கற்பூரம் சேர்த்துச் செய்த பழைய பிளாஸ்டிக். அது நாளாக நாளாக அமில ஆவி கக்கும். பிடிக்குள் மடங்கிக் கிடக்கும் அலகு மட்டும் அந்த இடத்தில் குழிகுழியாகத் துருப்பிடித்திருந்தால் காரணம் அதுதான். அந்தக் கத்தியை மற்றவற்றோடு ஒரே டப்பாவில் பூட்டி வைத்தால் பக்கத்தில் கிடப்பவையும் கெடும். அலகைப் பாதி விரித்து, எண்ணெய் தடவி, தீயிலிருந்து தள்ளி, காற்றோட்டமான இடத்தில் தனியாக வையுங்கள். செல்லுலாய்டு சட்டென்று பற்றிக்கொள்ளும்.